வாய் மட்டும் அசைகிற காட்சி

தெமோதரை, மேல்பிரிவு லயம், இலங்கை
2024 பெப்ரவரி 4

கௌசிகா அம்மாவுக்கு,

வீரசிங்கம் சொல்கிறேன். எழுதுகிறவர் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் புஹாரி. எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் பேசுவதை அவர் நல்ல தமிழாக்கிவிடுவார். திட்டுகிற இடத்தை மட்டும் திருத்தக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தை அவருடைய கொம்பியூட்டரில் முழுதாகப் பார்த்தேன். படம் நல்ல படம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவது வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோலாஞ் அம்மா படம் எடுக்க பிரான்ஸிலிருந்து காமிராவோடு, மொழிபெயர்க்க உங்களையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆறு கிழமை, ஒன்றரை மாசம், இருந்தபோது, இந்தப் பொம்பளைக்கு என்ன கிறுக்கா என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சிரித்தோம். என்னை ஒரே தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரே படியில் முப்பத்துமூன்று தடவை ஏறச் சொன்னார். ஐந்தாவது தடவை நான் களைத்த மாதிரி முகத்தை வைத்தேன். கூடாது என்றார். பத்தாவது தடவை கோபமாக வைத்தேன். அதுவும் கூடாது. முப்பத்துமூன்றாவது தடவை என் மூஞ்சி என்ன செய்கிறது என்பதே எனக்குத் தெரியாது. படத்தில் அதுதான் இருக்கிறது. பார்த்தபோது என் அப்பன் ஏறுகிற மாதிரி இருந்தது. அதே மாதிரி, குளவி கொட்டுகிற இடத்தில் ஒரு குளவியைக்கூடக் காட்டவில்லை. கவிழ்ந்து கிடக்கிற கூடைகள், தூரத்தில் பொம்பளைகள் ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். எனக்கு உடம்பு கூசியது. ரயில் ஸ்டேஷனில் கோச்சியைக் காட்டாமல், கோச்சியைப் பார்க்கிற முகங்களைக் காட்டுகிறார். வேலை தெரிந்த மனுஷி.

ஆனால் பெரட்டுக்களத்தில் நான் நிற்கிற காட்சி? காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பேர் கூப்பிடுகிற அந்த வெற்று நிலத்தில், தனியாக நின்று நான் பேசினேனே? என் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. அன்றைக்கு மழையே பெய்யவில்லை.

“கொம்பியூட்டர்ல கோளாறா பாருங்க” என்று புஹாரியிடம் சொன்னேன். அவர் ஆறு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, “இல்லண்ணே, உங்க குரல எடுத்துட்டாங்க” என்றார்.

குரலைத் திருப்பி வையுங்கள். முடியாவிட்டால் முகத்தையும் எடுத்துவிடுங்கள்.

வீரசிங்கம் (கைநாட்டு)


பாரிஸ்
2024 பெப்ரவரி 12

அன்புள்ள வீரசிங்கம் ஐயாவுக்கு,

படத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்ததற்கு முதலில் நன்றி. இங்கே பத்திரிகைக்காரர்கள்கூடக் குளவிக் காட்சியை அப்படிச் சொல்லவில்லை.

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சோலாஞ்சின் படங்களில் யாரும் நின்று பேசமாட்டார்கள். இது உங்களுக்கு மட்டும் நடந்தது அல்ல. நாற்பது வருஷமாக அவர் இப்படித்தான் எடுக்கிறார். பேச்சு எதையும் விளக்கிவிடும், விளக்கியதும் பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொள்வான் என்பது அவர் கட்சி. அதனால்தான் பாட்டு இல்லை, நடிகர்கள் இல்லை, வெளியிலிருந்து வரும் சத்தம் மட்டும். அவருடைய படங்களில் எப்போதும் யாரோ போய்விட்டிருப்பார்கள், யாரோ காத்திருப்பார்கள். நான்கு நிமிடம் வெட்டாமல் ஓடும் உங்கள் காட்சிதான் படத்தின் உயிர் என்று சொல்கிறார். அதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

படம் முடிந்துவிட்டது. விழாக்களுக்கும் போய்விட்டது. இனி ஒரு நொடியையும் மாற்ற முடியாது. படத்தையும் ஒலியையும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற தாளில் நீங்கள் கைநாட்டு வைத்திருக்கிறீர்கள். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடிதத்தில் எல்லாம் கோபமாகத்தான் தெரியும். ஒரு நாள் போனில் பேசலாமா?

கௌசிகா


தெமோதரை
2024 பெப்ரவரி 20

கௌசிகா அம்மாவுக்கு,

போனில் பேசமாட்டேன். ஒரு தடவை பேசினது எங்கே போனது என்று பார்த்துவிட்டேன். இனி எல்லாம் தாளில்தான்.

அந்தச் சம்மதத் தாளை எனக்கு வாசித்துக் காட்டியது யார்? பதுளைக் கடைத்தெருவில் பிறந்து, தமிழ் தெரியுமென்று சோலாஞ் அம்மா கூட்டிவந்த நீங்கள்தான். என்ன சொன்னீர்கள் என்பதை எழுத்து மாறாமல் சொல்லட்டுமா? “படம் எடுக்கச் சம்மதம்னு போட்டிருக்குங்க ஐயா, இந்த இடத்துல பெருவிரல வைங்க.” ஊதா மை. உங்கள் கையில் பச்சைக் குடை இருந்தது. குரலை எடுக்கச் சம்மதம் என்று எந்த வரியில் இருந்தது? படிக்கத் தெரியாதவனுக்கு ஞாபகம்தான் பெட்டி. பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

பேச்சு விளக்கிவிடும் என்கிறீர்கள். நான் எதை விளக்கினேன்? நான் கூப்பிட்டேன்.

1974ஆம் வருஷம் ஆகஸ்ட் பதினோராந் தேதி எங்கள் பிரிவிலிருந்து ஏழு குடும்பம் இந்தியாவுக்குப் போனது. இரண்டு அரசாங்கமும் பேசி ஆளைப் பிரித்துக்கொண்ட காலம். தெமோதரையில் கோச்சி ஏறினார்கள். அதில் வேலைக்குப் பேர் பதிந்தவர்கள் பத்தொன்பது பேர். மறுநாள் காலை பெரட்டில் கணக்கப்பிள்ளை வழக்கம்போலப் பேர்த் தாளை விரித்தார். மாசம் முடியாமல் தாளில் பேரை வெட்டக்கூடாது என்பது சம்பளம் போடுகிற கந்தோரின் சட்டம். ஆள் போய்விட்டது, பேர் போகவில்லை. என்ன செய்வார் மனுஷன்? கூப்பிட்டார். பேர் சொன்னால் “இருக்கேங்க” என்று பதில் வரவேண்டும், வந்தால்தான் அடுத்த பேர். அவர் கூப்பிடுவார், நிற்பார், பதில் வராது, பென்சிலால் ஒரு கோடு. அடுத்த பேர். நூறு பேருக்கு மேல் நின்றோம், ஒருத்தரும் இருமவில்லை. இப்படி அந்த மாசம் முடியும்வரை தினமும் நடந்தது. பத்தொன்பது பேரும் வரிசை தப்பாமல் என் மண்டையில் ஏறியது அப்போதுதான்.

சோலாஞ் அம்மா அன்றைக்கு, “இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்களோ செய்யுங்கள், வெளிச்சம் போகுமுன் ஒரே தடவைதான்” என்றார். நான் அந்தப் பத்தொன்பது பேரையும் கூப்பிட்டேன். ஒவ்வொரு பேருக்கும் பதிலுக்கு நின்றேன்.

முடிந்ததும் அந்த அம்மா உங்கள் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ கேட்டார். நீங்கள் இரண்டே சொல்லில் பதில் சொன்னீர்கள். பிறகு பனிக்குப் பிடித்திருந்த குடையை மடக்கினீர்கள். அந்த இரண்டு சொல் என்ன?

வீரசிங்கம் (கைநாட்டு)


பாரிஸ்
2024 மார்ச் 17

வீரசிங்கம் ஐயா,

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்கு வேலையைக் காரணம் சொல்லலாம். சொல்லவில்லை.

சோலாஞ் கேட்டது: “அவர் யாரோடு பேசுகிறார்? முகம் அப்படி மாறுகிறதே, என்ன சொல்கிறார்?” நான் சொன்னது: “பெயர்ப் பட்டியல்.”

குளிர், பசி, ஆறு கிழமைக் களைப்பு எல்லாம் இருந்தது. ஆனால் உண்மை அதைவிடக் கேவலம். எனக்கு அது பட்டியலாகத்தான் கேட்டது. நான் பெரட்டில் நின்றவள் அல்ல. எங்கள் வீட்டில் தோட்டத்து ஆட்கள் என்றால் பெருநாளுக்கு முன் துணி எடுக்க எங்கள் கடைக்கு வருகிறவர்கள். பேர் கூப்பிட்டால் பதிலுக்கு நிற்பார்கள் என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை, வயதானவர், மறந்து மறந்து ஞாபகப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

போன வாரம் சோலாஞ்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “மாற்றமாட்டேன். குரலை வைத்தால் கீழே ஓடுகிற எழுத்தைப் படிப்பார்கள், இவரைப் பார்க்கமாட்டார்கள்.” நான் வாதாடினேன். கத்தினேன் என்றும் சொல்லலாம். அடுத்த படத்துக்கு நான் தேவையில்லை என்று அவருடைய ஆள் நேற்றுச் சொல்லிவிட்டான்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். ஒன்பதாவது பேருக்கு நீங்கள் மற்றப் பேர்களைவிட மூன்று மடங்கு நேரம் நிற்கிறீர்களாம். குரல் இருந்தபோது அது தெரியவில்லை, எடுத்த பிறகுதான் முகத்தில் தெரிந்தது என்றார். “அங்கே யார் வரவேண்டியிருந்தது?” என்று கேட்டார்.

மூல ஒலி என்னிடம் இருக்கிறது. கேட்டேன். மாரியாயி.

யார் ஐயா அது? பச்சைக் குடையை மறக்காத நீங்கள், அந்தக் காலையைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், அந்த ஒரு பேரைப் பற்றி வாய் திறக்கவில்லையே. மற்றவர்கள் மறைத்ததை மட்டும்தான் கணக்கில் வைப்பீர்களா?

ஏப்ரல் 27 சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பதுளையில் படம் காட்டுகிறார்கள். ஏற்பாடு செய்வது ஜனகன் என்ற ஆசிரியர். உங்களுக்கு முன்வரிசையில் இடம், மேடையில் பொன்னாடை. தயவுசெய்து அன்று சண்டை வேண்டாம்.

கௌசிகா


தெமோதரை
2024 மார்ச் 26

கௌசிகா அம்மாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள். கேட்டதும் சரிதான். புஹாரியை மூன்று தடவை பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன். இப்போது சொல்கிறேன்.

மாரியாயி என் அக்கா. எங்கள் ஆத்தா செத்தபோது எனக்கு மூன்று வயசு. அவள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள். அவள் புருஷன் இந்தியாவுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தான், நான் சிலோனிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். “ஒரே வயித்துல பொறந்துட்டு ரெண்டு நாட்டுக்கா எழுதிக் குடுப்பாங்க? வாடா என்கூட” என்றாள். “இந்த மலைய வெட்டித் திருத்துனது நம்ம பாட்டன். எவனோ போகச் சொன்னா நான் எதுக்குப் போகணும்? நீ போறதுன்னா போ. இனிமே உன் பேரு என் வாயில வராது” என்றேன். ஸ்டேஷனுக்கும் போகவில்லை. கோச்சி ஊதுகிற சத்தம் மலைக்குக் கேட்டது. நான் தேயிலைக்கு முள்ளுக் குத்தி, வேரடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒன்பதாவது பேர் அவளுடையது. கணக்கப்பிள்ளை “மாரியாயி” என்றார். “இருக்காங்க!” என்று கத்தினேன். “எங்கடா இருக்கா?” “வருவாங்க.” பெரட்டைக் கெடுத்தேன் என்று அன்றைக்கு எனக்கு அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போட்டார்.

வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை. ரோஷம். அது மழைத் தண்ணீரில் கரைந்துபோனது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

அவள் பேரை நான் வாயால் சொன்னது அன்றைக்குப் பிறகு உங்கள் காமிராவுக்கு முன்னால்தான். நாற்பத்தெட்டு வருஷம். அதை எடுத்துவிட்டு, பெய்யாத மழையை ஊற்றி மூடியிருக்கிறீர்கள்.

சோலாஞ் அம்மாவிடம் சொல்லுங்கள்: ஒன்பதாவது பேரைக் கண்டுபிடித்த கண்ணுக்கு நான் கும்பிடு போடுகிறேன். காதுக்குப் போடமாட்டேன்.

உங்கள் வேலை போனது எனக்குச் சந்தோஷம் இல்லை.

பொன்னாடை வேண்டாம். உட்கார முப்பத்தாறு கதிரை வேண்டும். லயத்து ஆட்களோடு வருகிறேன். சண்டை போடமாட்டேன் என்று சத்தியம் ஏதும் செய்யவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீரசிங்கம் (கைநாட்டு)


தெமோதரை
2024 ஏப்ரல் 29

கௌசிகா அம்மாவுக்கு,

மண்டபம் நிறைந்திருந்தது. முன் இரண்டு வரிசையில் பதுளைப் பெரிய மனுஷர்கள், நடுவில் பிள்ளைகள், பின்னால் நாங்கள். முன்வரிசைக்கு வரச் சொல்லி ஜனகன் மாஸ்டர் வந்து வந்து கூப்பிட்டார். “நாங்க இங்கனயே இருக்கோம் சார். முன்னுக்கு ஒக்காந்தா எங்க தலை மறைக்கும்” என்றேன்.

தண்ணீர் வாளி வந்தபோது எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். “வீரசிங்கண்ணே, வாளியில தண்ணி இருக்கா இல்லையா?” என்று ஒருத்தி கேட்டாள். குளவிக் காட்சிக்கு எங்கள் பொம்பளைகள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். முன்னால் இருந்த பெரிய மனுஷர்களில் ஒருத்தர் கொட்டாவி விட்டார். பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்திருப்பார்.

பிறகு பெரட்டுக்களம் வந்தது. மழைச் சத்தம் வந்தது. நான் எழுந்து நின்றேன்.

படத்தில் என் வாய் திறந்த அதே நேரத்தில் இங்கே வாயைத் திறந்தேன். “கருப்பண்ணன்.” படத்தில் நான் நின்றேன், இங்கேயும் நின்றேன். “ராக்காயி.” எல்லாத் தலையும் திரும்பியது. ஜனகன் மாஸ்டர் இருட்டில் தட்டுத் தடுமாறி ஓடிவந்து, “ஐயா, ஐயா, படம் ஓடிக்கிட்டிருக்குங்க” என்றார். புஹாரி எழுந்து, “அவரு படத்துலதான் சார் பேசுறாரு. நீங்க ஒக்காருங்க” என்றார்.

நான்காவது பேர் வெள்ளையம்மா. கூப்பிட்டேன். எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்த விஜயலெட்சுமி, கொழுந்தெடுக்கிற பிள்ளை, 74இல் அவள் அம்மாவே பிறக்கவில்லை, அவள் பாட்டுக்கு “இருக்கேங்க” என்றாள். நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரட்டில் நின்று பழகிய வாய், பேரைக் கேட்டதும் பதில் சொல்லிவிட்டது. அடுத்த பேருக்கு இன்னொரு மூலையிலிருந்து வந்தது. அதற்கடுத்ததற்கு மூன்று குரல். கதிரைகள் சரிகிற சத்தம் கேட்டது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருத்தராக எழுந்து நின்றார்கள்.

ஒன்பதாவது பேரைக் கூப்பிட்டேன்.

யாரும் பதில் சொல்லவில்லை. லயத்தில் எல்லோருக்கும் அது யார் பேர் என்று தெரியும். அவள் பேரைச் சொல்லமாட்டேன் என்ற என் பேச்சை நான் மீறினதும் தெரியும். அந்தப் பதிலைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. படத்தில் அந்த வீரசிங்கம் நிற்கிறான், நான் நிற்கிறேன், மழை மட்டும் பெய்கிறது. நீளமான நேரம்தான். சோலாஞ் அம்மா சொன்னது சரி. முன்வரிசையில் கொட்டாவி விட்டவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்தாவது பேருக்கு மண்டபமே பதில் சொன்னது. முன்வரிசையும் சேர்ந்துதான்.

படம் முடிந்தபோது ஜனகன் மாஸ்டர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டோம்.

வீரசிங்கம் (கைநாட்டு)


பாரிஸ்
2024 மே 15

வீரசிங்கம் ஐயா,

உங்கள் கடிதம் கிடைக்குமுன்பே அந்த மண்டபத்தில் யாரோ போனில் எடுத்த துண்டு எனக்கு வந்துவிட்டது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்கிறது. எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்லமாட்டேன்.

சோலாஞ்சுக்கும் அனுப்பினேன். அவரே என் வீட்டுக்கு வந்தார், மூன்று மாடி ஏறி, எழுபத்தொரு வயதில். “என் படத்தில் இல்லாதது அந்த மண்டபத்தில் இருந்தது” என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை.

ஜூலையில் பதுளைக்கு வர விரும்புகிறார். அதே மண்டபம், அதே ஆட்கள். நீங்கள் எழுந்து கூப்பிட வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தடவை குரலோடு எடுப்பார். ஒரு நொடியையும் மாற்றமாட்டேன் என்ற படத்தின் கடைசியில் சேர்ப்பார். செப்டம்பர் 11ஆம் தேதி படம் பாரிஸ் தியேட்டருக்கு வருகிறது, அதற்குள் முடிக்கலாம் என்கிறார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டுமாம். அதாவது என் வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கும். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன், பிறகு நீங்களே கண்டுபிடித்துக் கேட்பீர்கள்.

நீங்கள் கேட்டதைவிட அதிகம் கிடைக்கிறது. ஆனால் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், சொன்னபடியே அவரிடம் சொல்வேன். சுருக்கமாட்டேன்.

கௌசிகா


தெமோதரை
2024 மே 27

கௌசிகா அம்மாவுக்கு,

வேண்டாம். இதை முழுசாகச் சொல்லுங்கள்.

சோலாஞ் அம்மா வந்தால் எங்களை முப்பத்துமூன்று தடவை எழுந்து உட்காரச் சொல்வார். அது அவர் வேலை செய்கிற விதம், குறை சொல்லவில்லை. வாளிக்கு அது சரி. ஆனால் பெரட்டு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். இரண்டாவது தடவை கூப்பிட்டால் விஜயலெட்சுமி பதில் சொல்லமாட்டாள், சொல்கிற மாதிரிச் செய்வாள். அதை அந்த அம்மாவின் கண்ணே பொறுக்காது. லயத்தில் கேட்டேன். “நம்ம கூப்பிட்டது அவங்களுக்கு நல்லா இருந்துச்சுன்னு இன்னொருக்கா கூப்பிடுறதா? செத்த வீட்டுல இன்னொருக்கா அழுவச் சொல்றாப்புல” என்றார்கள்.

குரலைத் திருப்பி வையுங்கள் என்று பெப்ரவரியில் கேட்டேன். இப்போது அதுவும் வேண்டாம். பெட்டிக்குள் போட்ட குரலை எல்லோரும் உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள், முடிந்ததும் எழுந்து போவார்கள். வெளியே ஒருத்தர் நின்று கூப்பிட்டால்தான் யாராவது பதில் சொல்ல வேண்டிவரும். பதுளையில் அதைக் கண்டேன். படம் இருக்கிறபடியே இருக்கட்டும். வாய் அசையட்டும், மழை பெய்யட்டும்.

செப்டம்பர் பதினோராந் தேதி பாரிஸ் தியேட்டரில் நீங்கள் எழுந்து நின்று கூப்பிடுங்கள்.

உங்களுக்குப் பயமாக இருக்கும். உட்காரச் சொல்வார்கள். சோலாஞ் அம்மா முறைப்பார், முறைக்கட்டும். வேலையும் திரும்ப வராமல் போகலாம். அதற்காகக் கவலைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்க மட்டும் உரிமை இருக்கிறது, அதனால் கேட்கிறேன். அங்கே யாரும் பதில் சொல்லமாட்டார்கள். பதில் வராது என்று தெரிந்தேதான் கணக்கப்பிள்ளையும் கூப்பிட்டார்.

வரிசை மாறக்கூடாது. அவசரப்படக்கூடாது. புஹாரி என்னிடம் இரண்டு தடவை சொல்லக் கேட்டுச் சரிபார்த்து எழுதியிருக்கிறார்:

கருப்பண்ணன். ராக்காயி. செல்லக்கண்ணு. வெள்ளையம்மா. நல்லான். அங்காயி. சடையன். பேச்சியாயி. மாரியாயி. பெரியண்ணன். பழனியாயி. ஒச்சம்மா. துரைச்சாமி. காத்தாயி. மூக்கன். சின்னப்பொண்ணு. வைரன். சிலம்பாயி. தங்கப்பொண்ணு.

ஒவ்வொரு பேருக்கும் ஒரு மூச்சு நில்லுங்கள். மாரியாயி பேருக்கு எவ்வளவு நேரம் நிற்பது என்று நான் சொல்லமாட்டேன். திரையில் என் முகம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

வீரசிங்கம் (கைநாட்டு)